தொட்டிக்குள் ஓர் அகழாய்வுக் குழி: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு வரலாற்றுப் பட்டறை

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி இருப்பதால், எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளில் அந்தப் பெயரைக் கேட்காத பிள்ளை கிடையாது. வகுப்பறைச் சுவரில் படம் இருக்கிறது. பேச்சுப் போட்டிக்குத் தலைப்பாக வருகிறது. "இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நகர நாகரிகம் கண்ட மண்" என்று நான்காம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லும். அந்த 2600 எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "பானை கிடைச்சுச்சுக்கா" என்று பதில் வரும். பானை நம் வீட்டிலும்தான் இருக்கிறது. அதில் வயது எழுதியா இருக்கிறது? இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. பெரியவர்களிடம் கேட்டாலும் அநேகமாக இங்கேதான் நிற்கிறது.

விடை அகழாய்வு அறிக்கையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2018இல் அங்கே தோண்டியபோது எடுத்த கரி மாதிரிகளில் ஒன்று 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது, அதன் காலம் கி.மு. 580. இன்னொன்று 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது, அதன் காலம் கி.மு. 205. கரியின் காலத்தை ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். ஆனால் அதே மட்டத்தில் கிடந்த பானைக்கும் மணிக்கும் நூல் நூற்கும் தக்களிக்கும் அந்தக் காலத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, குழிக்குள் உட்கார்ந்து ஒருவர் அளந்து எழுதிய எண்தான். அந்த எண் இல்லையென்றால் நம்மிடம் இருப்பது கொஞ்சம் கரி, கொஞ்சம் ஓடு. என்ன கிடைத்தது என்பதைவிட எங்கே கிடைத்தது என்பதுதான் அங்கே வரலாறாகிறது. பிள்ளைகள் இதைத் தங்கள் கையாலேயே செய்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பட்டறை. செய்த முறையை, வேறு பள்ளியில் யாராவது செய்ய நினைத்தால் உதவும் என்று, விவரமாக எழுதுகிறேன்.

பள்ளி மைதானத்திலேயே குழி வெட்டலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டாம் என்றேன். கீழடியைச் சுற்றி அகரம், கொந்தகை, மணலூர் எல்லாமே தொல்லியல் துறை ஆய்வு செய்த ஊர்கள். இந்தப் பக்கத்தில் எந்த நிலத்தையும் விளையாட்டுக்கு வெட்டக் கூடாது. அதுவும் வரலாறு கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வெட்டவே கூடாது. அதனால் காய்கறி மண்டியில் தக்காளி வரும் பிளாஸ்டிக் டிரேக்களை வாங்கினோம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு டிரே; அதுதான் எங்கள் தொட்டி. உள்ளே பழைய தார்ப்பாயை வெட்டி விரித்துவிட்டால் மண் சிந்தாது. டிரேயில் மண் நிரம்பிவிட்டால் அறுபது எழுபது கிலோவுக்குக் குறையாது. ஆகவே பட்டறை நடக்கப்போகிற இடத்திலேயே, வேப்ப மரத்து நிழலில் வரிசையாக வைத்து அங்கேயே நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டுத் தூக்கினால் உள்ளே அடுக்கெல்லாம் குலைந்துவிடும்.

இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்டது மண் அடுக்குதான். நான்கு அடுக்கு, நான்கு நிறம். அடியில் செம்மண் நான்கு விரல் உயரம். அது கன்னி மண்; அதில் ஒன்றும் புதைக்கவில்லை. மனிதர் வருவதற்கு முந்தைய மண் என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். அதன்மேல் கண்மாய் வண்டலோடு அடுப்புச் சாம்பல் கலந்த சாம்பல் நிற அடுக்கு. இதுதான் பழங்கால அடுக்கு, இருப்பதிலேயே கனமானது. அதன்மேல் எம்-சாண்டும் செம்மண்ணும் கலந்த மஞ்சள் அடுக்கு. அது பாட்டி தாத்தா காலம். மேலே தோட்டத்துக் கருமண்; நம் காலம்.

எம்-சாண்டைத் தனியாகப் போட்டால் நிற்காது. ஒரு பக்கம் தோண்டினால் மறுபக்கம் சரிந்து, மேல் அடுக்கு கீழே இறங்கிவிடும். களிமண் கூடிப்போனால் இரண்டே நாள் வெயிலில் இறுகி, பிள்ளைகள் கரண்டியால் குத்த ஆரம்பித்துவிடுவார்கள். குத்தினால் ஓடு உடையும். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு வண்டல் என்று கலந்தால் சரியாக வருகிறது. ஈரப்பதம் பார்க்க ஒரே வழி கைதான்: அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. ஒவ்வோர் அடுக்கையும் போட்டு, செங்கல்லால் தட்டி, ஒரு பகல் காயவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு ஒரே நாளில் நிரப்பினால் நிறங்கள் ஒன்றோடொன்று ஊறிப்போகும். பட்டறையின் பாதி வெற்றி இந்தக் காயவிடும் நாட்களில்தான் இருக்கிறது.

புதைக்கும் பொருட்களுக்கு மானாமதுரை போனேன். கீழடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பேர்போன ஊர். சூளையில் விரிசல் விட்ட கலயங்களையும் சட்டிகளையும் ஒரு பெரியவர் சாக்கு நிறையக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கா தாயி? உடைஞ்சதுக்கெல்லாம் எதுக்குக் காசு?" என்றார். கறுப்பு சிவப்புப் பானையைப் பற்றிக் கேட்டதும் உட்காரச் சொல்லிவிட்டார்.

கீழடியில் அதிகம் கிடைப்பவற்றில் ஒன்று கறுப்பு சிவப்பு ஓடு: வெளிப்புறம் சிவப்பு, உட்புறமும் வாய் விளிம்பும் கறுப்பு. இது சாயம் இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்று போகாது. உள்ளிருக்கும் வைக்கோல், இலைதழை புகைந்து கரி மண்ணுக்குள் இறங்கும். வெளியே காற்றுப் படுகிற பகுதி சிவக்கும். ஒரே சூடு, ஒரே மண். காற்று கிடைத்த இடம் சிவப்பு, கிடைக்காத இடம் கறுப்பு. நாங்கள் செய்து பார்த்தது எளிய வழி. ஏற்கெனவே சுட்ட சின்னக் கலயங்களுக்குள் ஆசாரி பட்டறையிலிருந்து வாங்கிய மரத்தூளை அமுக்கி நிரப்பி, தரையில் மரத்தூள் பரப்பி அதன்மேல் கவிழ்த்து, சுற்றிலும் எருவாட்டி அடுக்கி மூட்டம் போட்டோம். மறுநாள் காலையில் சாம்பலைத் தள்ளிவிட்டு ஒரு கலயத்தை நிமிர்த்தினேன். உள்ளே முழுக் கறுப்பு. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு இறங்கி, அதற்குக் கீழே சிவப்பு தொடங்கியிருந்தது. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் கோடு இல்லை. பழுப்பாகக் கலங்கிக் கலங்கி மாறுகிறது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்த ஓடுகளிலும் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு இதைத் தனியாக ஒரு பாடமாகவே நடத்தலாம்.

கலயங்களை உடைத்ததும் எல்லா ஓட்டின் விளிம்பையும் கருங்கல்லில் தேய்த்து மழுக்கினோம். இது கட்டாயம்; புது ஓட்டின் முனை பிளேடாக வெட்டும். ஓடு தவிரப் பழங்கால அடுக்குக்கு நாங்கள் செய்தவை: களிமண்ணில் நடுவில் துளையிட்டுச் சுட்ட தக்களி, ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லு, சுடுமண் பகடை, கண்ணாடி மணி, இரும்புச் சட்டியில் கருகும்வரை வறுத்த அரிசி, கரித்துண்டு. எல்லாமே கீழடியிலோ தமிழ்நாட்டின் வேறு அகழாய்வுகளிலோ கிடைத்த வகைகள். அசல் ஓடு ஒன்றுகூட வைக்கவில்லை. வயலில் பொறுக்கிய ஓடு இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டவர்களிடமும் வேண்டாம் என்றே சொன்னோம். மஞ்சள் அடுக்குக்குச் சீமை ஓட்டுத் துண்டு, கண்ணாடி வளையல் துண்டு, ஓட்டைக் காலணா. நடுவில் துளையுள்ள அந்தக் காசு 1943 முதல் 1947 வரை அடித்தது; வட்டாரத்தில் விசாரித்தால் யாராவது ஒரு பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து வந்துவிடும். மேல் அடுக்குக்குப் பால் பாக்கெட் துண்டு, பேனா மூடி, செத்துப்போன பேட்டரி, ரூபாய்க் குறி போட்ட இரண்டு ரூபாய்க் காசு.

இரண்டு ஏற்பாடுகளை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்று: ஒரே சட்டியை உடைத்த சாதாரணச் சிவப்பு ஓடுகளில் பாதியை மஞ்சள் அடுக்கிலும் பாதியைச் சாம்பல் அடுக்கிலும் வைத்தோம். பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டாவது: எல்லாத் தொட்டியிலும் ஒரு மூலையில், மேல் அடுக்கிலிருந்து சாம்பல் அடுக்குவரை கையகல ஓட்டை போட்டு, அடியில் நீல நிறத் தண்ணீர் பாட்டில் மூடியை வைத்து, கருமண்ணாலேயே மூடினோம். குப்பைக் குழி. நிஜ அகழாய்வில் அன்றாடம் வரும் தலைவலி இது. பிற்காலத்து ஆட்கள் வெட்டிய குழி, பழைய அடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழே போயிருக்கும்.

பட்டறை அன்று காலை உணவு முடிந்ததும் முதல் வேலையாக ஒரு தட்டைச் சுற்றுக்கு விட்டேன். நீல மூடி, காலணா, கறுப்பு சிவப்பு ஓடு, ஒரே மாதிரியான இரண்டு சிவப்பு ஓடு. எது பழசு என்று வரிசைப்படுத்தச் சொன்னேன். மூடி கடைசி என்று உடனே சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு சிவப்பு ஓட்டில் சண்டை. பெரிய ஓடுதான் பழசு என்றது ஒரு கூட்டம். அழுக்கானதுதான் பழசு என்றது இன்னொரு கூட்டம். எச்.எம். டீச்சரையே கூப்பிட்டுக் கேட்டார்கள்; அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தட்டில் இருக்கும்வரை அதற்கு விடையே கிடையாது. அந்தத் தட்டை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனோம்.

விதி மூன்றுதான். ஓர் அடுக்கு முடியாமல் அடுத்த அடுக்கைத் தொடக் கூடாது. பொருள் கண்ணில் பட்டால் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் பிரஷால் துலக்கி, அளந்து, அட்டையில் எழுதிய பிறகே எடுக்க வேண்டும். தொட்டியின் ஓர் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குச் சணல் கட்டியிருக்கிறது. அந்தப் பட்டை மண்ணைக் கடைசிவரை தொடக் கூடாது. தொல்லியலாளர்கள் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் குழி போட்டு, அதை நான்காகப் பிரித்து, நடுவில் மண் சுவரைத் தோண்டாமல் விடுவார்கள். அந்தச் சுவரில்தான் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். எங்கள் நான்கு விரல் பட்டையும் அதே வேலையைச் செய்தது.

வேலைப் பிரிவு: தேநீர்க் கரண்டியோடு ஒருவர், பெயிண்ட் பிரஷோடு ஒருவர், சல்லடையோடு ஒருவர், அளப்பவர், எழுதுபவர். கால் மணிக்கு ஒருமுறை மணி அடித்தால் வேலை மாறும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சல்லடையை விடமாட்டார்கள். விட வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மணல் சலிக்கும் சல்லடையில் மணிகள் நழுவிவிடும், ரவை சலிக்கும் சல்லடைதான் சரி. ஆழம் பார்க்கத் தொட்டியின் விளிம்பில் குறுக்கே ஒரு சணல். அதிலிருந்து கீழே அளக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் பல ஸ்கேல்களில் சுழியம் முனையிலிருந்து தொடங்குவதில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. அதனால் நேரான குச்சியில் முனையிலிருந்தே சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஐந்துக்கு ஒரு வண்ணம் அடித்துக் கொடுத்தோம். அட்டையில் ஐந்து கட்டம்: எண், அடுக்கின் நிறம், ஆழம், இடப்பக்கமிருந்து எவ்வளவு, படம். படம் வரைய நேரம் கொடுக்க வேண்டும். வரையும்போதுதான் பிள்ளைகள் பொருளை உண்மையிலேயே பார்க்கிறார்கள்.

எத்தனை பொருள் எடுத்தார்கள் என்று நான் ஒரு குழுவிடமும் கேட்கவில்லை. எத்தனை அட்டை எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டேன். அதைக் கவனித்த பிறகு வேகம் தானாகக் குறைந்தது.

மேல் அடுக்கில் ரூபாய்க் காசு வந்ததும் ஒரு நல்ல வாய்ப்பு. காசில் ஆண்டு இருக்கிறது. "அப்ப இந்த மண்ணு எப்ப விழுந்திருக்கும்?" என்று கேட்டேன். காசில் 2011 என்றிருந்தால் மண்ணும் 2011 என்றுதான் முதலில் எல்லோரும் சொல்கிறார்கள். உன் பையில் இருக்கும் காசில் என்ன ஆண்டு என்று பக்கத்துப் பையனிடம் கேட்டதும் யோசிக்க ஆரம்பித்தார்கள். காசு அடித்த பிறகு எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் கீழே விழலாம். அடிப்பதற்கு முன்னால் மட்டும் விழ முடியாது. ரூபாய்க் குறியே 2010இல் வந்ததுதான், காசில் 2011 முதல்தான் வருகிறது. ஆண்டு தேய்ந்துபோன காசானாலும் குறி இருந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைத் தன் குழுவுக்கு, "முன்னாடி முடியாது, பின்னாடி முடியும்" என்று இரண்டே வாக்கியத்தில் விளக்கினான். நான் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது.

சாம்பல் அடுக்கில் முதலில் வந்தது வட்டச் சில்லு. அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. "இது பாண்டி ஆடுற சில்லுக்கா!" என்று ஒருத்தி எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தாள், அட்டை, அட்டை என்று மற்றவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். கீழடியில் இப்படி ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. விளையாட்டுக்கு உரியவை என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். தக்களியைப் பார்த்துத்தான் குழம்பினார்கள். மணி என்றான் ஒருவன். "இம்புட்டுக் கனமா கழுத்துல போடுவாங்களா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. துளையில் விளக்குமாற்றுக் குச்சியைச் செருகிச் சுற்றிவிட்டதும் நின்று சுழன்றது. கொஞ்சம் பஞ்சைத் திரித்து அந்தக் குச்சியில் சுற்றிக் கொடுத்தேன். தக்களி சுழலச் சுழலப் பஞ்சு நூலாக முறுக்கிக்கொண்டு இறங்கியது. நூல் என்றால் துணி, துணி என்றால் நெசவு, பருத்தி எங்கே விளைந்திருக்கும் என்று பேச்சு அதுவாகவே போனது. கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டிருந்தோம்: 'பார்த்தது', 'நினைக்கிறது'. துளை இருக்கிறது, கனமாக இருக்கிறது என்பதெல்லாம் முதல் பத்தி. நூல் நூற்றார்கள் என்பது இரண்டாவது பத்தி. எதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பிள்ளைகள் போட்ட வாதம், எனக்கு அன்று கிடைத்த பெரிய சந்தோஷம்.

பிறகு வந்தது நீல மூடி. மற்ற குழுக்கள் இன்னும் மஞ்சள் அடுக்கில் இருந்தபோது ஒரு தொட்டியில் கூச்சல். கறுப்பு சிவப்பு ஓட்டுக்குப் பக்கத்திலேயே, அதே ஆழத்தில், பிளாஸ்டிக் மூடி. "அக்கா, அந்தக் காலத்துலயே வாட்டர் பாட்டில் இருந்துச்சாக்கா?" இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆழம் என்ன என்று மட்டும் கேட்டேன். மூடி 17 செ.மீ., ஓடு 16 செ.மீ. ஆழத்தின்படி பார்த்தால் மூடிதான் பழசு. இதை எழுதுபவன் எழுத மறுத்துவிட்டான். தப்பான கணக்கு, எழுத மாட்டேன் என்றான். அளப்பவள், அளந்தது சரிதான், எழுது என்றாள். எழுதத்தான் வேண்டும் என்று நானும் சொன்னேன். நமக்குப் பிடிக்காத அளவையும் எழுதி வைப்பதுதான் இந்த வேலையின் நேர்மை.

பிரஷ் வைத்திருந்த பிள்ளை இவ்வளவு நேரமும் பேசவேயில்லை. மூடியைச் சுற்றித் துலக்கிக்கொண்டே போனாள். மண் கருப்பாக வந்தது. இன்னும் துலக்கினாள். கருப்பு ஓர் இடத்தில் நின்று, அதற்கப்பால் சாம்பல் நிறம் தொடங்கியது. விரலால் அந்த எல்லையைத் தடவிக்கொண்டு, "இது மேல இருந்த மண்ணுக்கா. இங்க எப்படி வந்துச்சு?" என்றாள். ஐந்து தலையும் ஒன்றாகக் குனிந்தன. தொடாமல் விட்ட நான்கு விரல் பட்டையைப் பக்கவாட்டில் துலக்கச் சொன்னேன். அதில் மூன்று நிறமும் கோடாகத் தெரிந்தன. ஒரு மூலையில் மட்டும் கருமண் மஞ்சள் கோட்டையும் சாம்பல் கோட்டையும் வெட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. "குழி! யாரோ மேலேருந்து குழி தோண்டியிருக்காங்க!" மூடியின் ஆழம் 17 செ.மீ.தான், ஆனால் அது கருமண்ணைச் சேர்ந்தது, சாம்பல் அடுக்கைச் சேர்ந்தது இல்லை. ஆழத்தை மட்டும் எழுதாமல் மண்ணின் நிறத்தையும் ஏன் எழுதச் சொன்னேன் என்பதை அதற்குப் பிறகு நான் எந்தக் குழுவுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பிள்ளைகளே ஒவ்வொரு தொட்டியாகப் போய்க் காட்டிவிட்டார்கள். ரகசியம் அம்பலமானதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அடுத்த முறை குழியை எல்லாத் தொட்டியிலும் ஒரே மூலையில் வைக்காமல் இடம் மாற்றி வைப்பேன்.

குழி மூலையை எப்போதும் சணல் கட்டிய ஓரத்தை ஒட்டி வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் தோண்டும்போதே கரைந்துபோகும், பக்கவாட்டில் பார்க்க எதுவும் மிஞ்சாது.

சாம்பல் அடுக்கின் மண்ணை வீணாக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கையால் மெல்லக் கலக்கினால் மண் அடியில் போகும். கருகிய அரிசியும் கரித்தூளும் மேலே மிதக்கும். தேநீர் வடிகட்டியால் அள்ளி வெள்ளைத் துணியில் காயப்போட்டார்கள். நிஜ அகழாய்விலும் தானியத்தைத் தேடுவது இப்படித்தான். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் வந்தது. சோற்றுப் பருக்கை அளவு பொருள்கூட எவ்வளவு தூரம் பேசும் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அன்று சத்துணவுக்கு மணி அடித்தும் வாளியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் சில பிள்ளைகள் நின்றார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் காலையில் வைத்த தட்டுக்குத் திரும்பினோம். அதிலிருந்த இரண்டு சிவப்பு ஓட்டையும் பற்றி இப்போதும் ஒன்றும் சொல்ல முடியாது என்று பிள்ளைகளே சொன்னார்கள். "அதுக்கு அட்டை இல்லக்கா." ஆனால் தங்கள் தொட்டியில் எடுத்த சிவப்பு ஓடுகளை அட்டையைப் பார்த்து இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். ஒரே சட்டியின் துண்டுகள் என்று நான் பிறகு சொன்னபோது, அப்படியானால் நீங்கள்தான் எங்களை ஏமாற்றினீர்கள், அட்டை ஏமாற்றவில்லை என்று ஒரு குழு கறாராகச் சொன்னது. சரியான பதில்.

காலத்தின் நீளத்தைக் காட்ட ஒரு கயிறு வைத்திருந்தோம். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். கி.மு. 580 வரை போக 26 மீட்டர் வேண்டும். மைதானத்தின் ஒரு கோடியில் கொடிமரம், மறுகோடியில் தண்ணீர்த் தொட்டி என்று இழுத்துக் கட்டினோம். கொடிமரப் பக்கம் இன்று. 1947 ஒரு மீட்டருக்குள்ளேயே வந்துவிடுகிறது. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் கட்டிய 1636, நான்கு மீட்டர் தூரத்தில். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்த 1010, பத்து மீட்டரைத் தாண்டி. அதற்கப்புறம் வெறும் கயிறாக நீண்டுகொண்டே போகிறது. காலணா அட்டையைக் கயிற்றில் மாட்டும்போது, இது ரொம்பப் பழசு என்று நினைத்திருந்த பிள்ளைகள் அது கொடிமரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்து அசந்துவிட்டார்கள். பக்கத்தில் வேப்பங்கிளையிலிருந்து 353 செ.மீ. நீளத்துக்கு ஒரு சணலும் தொங்கவிட்டோம். எச்.எம். டீச்சர் கையைத் தூக்கி நின்றாலும் அதன் உச்சியைத் தொட முடியவில்லை.

எழுத்துக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடிந்தது. அதற்குத் தனி நாள் வேண்டும். கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. கூட்டல் குறி போட்டால் அது க; தலைகீழ் ஆங்கில டி மாதிரி போட்டால் ந. இரண்டையும் கற்றதுமே கார்த்திகாக்களும் நந்தினிகளும் ஆணியை வாங்கிக்கொண்டு தங்கள் ஓட்டில் முதல் எழுத்தைக் கீற ஆரம்பித்துவிட்டார்கள். சுட்ட ஓட்டில் கீறுவது லேசில்லை, கை வலிக்கும். அந்தக் காலத்தில் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேர் எழுதியவர்கள் யார், சட்டிக்கு ஏன் பேர் எழுத வேண்டும் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டோம். சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவது எல்லார் வீட்டிலும் இருப்பதால் பதிலுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இதை எங்கே நடத்தினாலும் கடைசியில் ஒன்றைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. தோண்டும் ஆசை வந்துவிட்ட பிள்ளை வீட்டுக்குப் பின்னால் போய்த் தோண்டும். நிலத்தில் பழைய ஓடு, காசு, தாழி எது தெரிந்தாலும் எடுக்காதே. இடத்தை நினைவு வைத்துக்கொள், டீச்சரிடமோ வி.ஏ.ஓ.விடமோ சொல் என்று சொல்லி, ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தோம். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. எடுத்துவிட்டால் அதற்கு அட்டை கிடையாது என்றதும் புரிந்துகொண்டார்கள்.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்ததிலிருந்து பள்ளிகள் வரிசையாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகின்றன. பட்டறைக்கு அப்புறம் போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். முன்னால் போனால் கண்ணாடிக்குள் இருக்கும் அழகான பொருட்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். அப்புறம் போனால் பொருளுக்குக் கீழே இருக்கும் சீட்டில் ஆழம் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

செலவு டிரே, பிரஷ், சல்லடையோடு முடிந்துவிடும். மண்ணும் ஓடும் கேட்டாலே கிடைக்கிறது. நிறம்வாரியாக மண்ணைச் சலித்துச் சாக்கில் கட்டி வைத்தால் மறுபடியும் பயன்படும், கலந்துபோனதைத் தோட்டத்தில் கொட்டிவிடலாம். இப்போது பட்டறை நடந்த பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்காகத் தாங்களே தொட்டிகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். எந்த அடுக்கில் எது போக வேண்டும் என்று முதலில் தாளில் வரைந்து, டீச்சரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மண்ணைத் தொடலாம் என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். ஒரு குழு குழிக்குள் இன்னொரு குழி வைத்திருக்கிறது. இன்னொரு குழு ஓர் அடுக்கு முழுவதையும் வெறும் மணலாக விட்டிருக்கிறது, வைகையில் வெள்ளம் வந்த வருஷமாம். வரைபடங்கள் எல்லாம் ஒட்டிய உறைக்குள் எச்.எம். டீச்சர் பீரோவில் இருக்கின்றன; பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அட்டை எழுதி முடிக்கும்வரை பிரிக்கக் கூடாது என்று என்னிடமும் சொல்லிவிட்டார்கள்.